கடைசிப் பக்கம் பார்த்துக் கொடுத்த புத்தகங்கள்

ஏப்ரல் 21

சஸ்பெண்ட் ஆகி இன்றோடு பதினெட்டு நாள். மகளுக்குக் கல்லூரி விடுமுறை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. நூலகத்தில் மூன்று புத்தகம் எடுத்து வந்து மடியில் போட்டாள். "படிங்கப்பா. படிச்சதைப் பத்தி ரெண்டு வரி எழுதி வைங்க, போதும்."

இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். படித்ததெல்லாம் வழிப்பலகையும் வண்டி நம்பரும்தான். சரி, முதல் புத்தகம். காதல் கதை. நாற்பது பக்கம் வரைக்கும் கதாநாயகன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. எங்கள் வண்டியில் இவ்வளவு மெதுவாக ஒருத்தன் ஏறினால் கூட்டமே திட்டித் தீர்த்துவிடும்.

நல்லாயிருந்ததா என்றாள். இருந்தது என்றேன். உள்ளே ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 24

படிக்கவில்லை.

ஏப்ரல் 27

ஒன்று கவனித்தேன். புத்தகத்தை என்னிடம் தருவதற்கு முன்னால் மகள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் படிக்கிறாள். படித்துவிட்டுத்தான் தருகிறாள். "முடிவைத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் என்னத்தைப் படிப்பே?" என்று கேட்டேன்.

"எனக்கில்லப்பா, உங்களுக்கு. யாரும் சாகாம முடியுதான்னு பார்க்கிறேன்."

என் வண்டியில் அடிபட்ட அந்த எலக்ட்ரீஷியன் சாகவில்லை. இடுப்பெலும்பு நொறுங்கி உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் மூன்று, மாலை நாலு பன்னிரண்டு, பெட்ரோல் பங்க் வளைவு. அவர் சைக்கிளில், நான் பஸ்ஸில். அவருடைய ஸ்க்ரூடிரைவர் ஒன்று உருண்டு உருண்டு என் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதுதான் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மே 2

கப்பல் கதை. எட்டுப் பேர், ஒரு கப்பல், நானூறு பக்கக் காற்று. கேப்டனைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமை. எதிரே வண்டியே வருவதில்லை.

மதியம் கண்டக்டர் வந்தான். பத்து வருஷமாக என்னோடு ஓடுகிறவன். கழுத்தில் தொங்குவதைக் கழற்றவே மாட்டான் என்பதால் டிப்போவில் அவனுக்கு விசில் என்றே பெயர். வாழைப்பழம் வாங்கி வந்திருந்தான், நோயாளியைப் பார்க்க வந்தவன் போல.

"கவலையை விடுண்ணே. நீ எழுதிக் கொடுத்ததையே நானும் சொல்லிட்டேன். போன் என் பையிலதான் இருந்துச்சு, அந்த ஆள் திடீர்னு குறுக்கே வந்துட்டார். ஆச்சு."

எங்கள் டிப்போவில் அப்படி ஒரு வழக்கம். வண்டி எடுக்கும்முன் டிரைவர் தன் போனைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டும். விசில் அதைத் தன் பையின் முன்னறையில் போட்டு ஜிப்பை இழுப்பான். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் கியர் போடுவேன். அன்றைக்கு மட்டும் —

பழம் கனிந்துவிட்டது.

மே 9

துப்பறியும் கதை. தொண்ணூறாம் பக்கத்திலேயே குற்றவாளியைப் பிடித்துவிட்டேன்! தோட்டக்காரன். மற்ற எல்லோரும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார்கள், உளறுகிறார்கள், திருத்துகிறார்கள். இவன் மட்டும் மூன்று இடத்திலும் அதே வாக்கியம், அதே சொல். மனப்பாடம் செய்தவன்தான் அப்படிச் சொல்லுவான்.

மகளிடம் பெருமையடித்தேன். "போலீஸ்ல சேர்ந்திருக்கலாம்பா நீங்க" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து நாளாகிவிட்டது.

கை கழுவும்போதுதான் உறைத்தது. 'சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே வந்தார், பிரேக் போட நேரம் இல்லை.' டிப்போவில் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். போலீஸிலும் இதையே சொன்னேன். வீட்டில் இவளிடமும் இதையேதான் சொன்னேன். ஒரு எழுத்து மாறவில்லை.

மே 10

சாப்பிடவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "ரெண்டு வேளையும் சாப்பிட்டீங்களே" என்கிறாள் மனைவி.

மே 17

மலையூர் ஒன்றில் ஒரு டாக்டரின் கதை. கல்யாணத்தில் முடிகிறது, மகள் பார்த்துத்தான் கொடுத்தாள். ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு லாரி ஒரு பெண்ணை அடித்துவிடுகிறது. டாக்டர் அழுகிறார், அவளுடைய அம்மா அழுகிறாள். லாரி டிரைவர் அரைப் பக்கம் வருகிறான், கை நடுங்குகிறது, அவ்வளவுதான். அதற்கப்புறம் அவனைக் காணோம்! கடைசிவரை தேடினேன். அன்னிக்கு வீட்டுக்குப் போனானா? போய் என்ன சொன்னான்? யாராவது கேட்டாங்களா? எழுதினவருக்கே ஞாபகம் இல்ல போல. கல்யாணத்துக்கும் அவனைக் கூப்பிடவில்லை.

திரும்ப அந்தப் பக்கத்துக்கே வந்தேன். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல நாலைந்து தடவை படித்தேன். வலிக்கவில்லை.

மகள் எட்டிப் பார்த்துவிட்டாள். வெடுக்கென்று பிடுங்கினாள். "கடைசிப் பக்கம் மட்டும்தான்பா பார்த்தேன்... நடுவில பார்க்கல... நடுவில இருக்கும்னு தோணவேயில்லப்பா." முகத்தில் ரத்தமே இல்லை. புத்தகம்தானேம்மா என்றேன். இதற்கு ஏன் இவ்வளவு பதறுகிறாள்?

மே 19

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்.

அன்றைக்கு மகளுக்குத் தேர்வு முடிவு. வந்ததும் கூப்பிடுவேன் என்றிருந்தாள். அதனால் போனை விசிலிடம் கொடுக்கவில்லை. "இன்னிக்கு ஒருநாள்டா" என்றேன், அவனும் சரி என்றான். சட்டைப்பையில் வைத்திருந்தேன். வளைவில் அதிர்ந்தது. பாதி வெளியே இழுத்துக் குனிந்து பார்த்தேன். 'பாப்பா' என்று இருந்தது.

அந்த ஒரு சொல்லைத்தான் படித்தேன். ஒரு சொல்லைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இந்தக் கோடை முழுக்கப் படித்தவன், இப்போது தெரியும். நேரமே ஆகாது. அதுவே போதுமாக இருந்தது.

நிமிர்ந்தபோது அவருடைய வலது கை நீட்டியபடி இருந்தது. அவர் திடீரென்று வரவில்லை. கையைக் காட்டிவிட்டுத்தான் திரும்பினார்.

இதை எப்படிச் சொல்றது? சொன்னா, எந்த போன், யார் கூப்பிட்டாங்கன்னு கேப்பாங்க. பாஸாயிட்டேன்னு சொல்லக் கூப்பிட்ட பிள்ளை அது.

ஜூன் 3

எட்டாம் தேதி விசாரணை. விசில் போனில் சொன்னான்: "சும்மா சம்பிரதாயம்ணே. தப்பு அந்தாள் மேலன்னு எழுதி மூடிடுவாங்க. அவர் சம்சாரம்தான் டிப்போவுக்கு வந்து நின்னுக்கிட்டு இருந்துச்சு. 'நான் கையைக் காட்டினேன், நான் கையைக் காட்டினேன்'னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காராம் மனுஷன்."

அவரும் அதே வாக்கியம், அதே சொல். உண்மையும் அப்படித்தான் வரும் போலிருக்கிறது. துப்பறியும் கதைக்காரன் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டான்.

ஜூன் 7

சொல்லிவிட்டேன். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு போன் என் சட்டைப்பையில இருந்ததும்மா" என்றேன்.

"தெரியும்பா."

மடிப்பதை நிறுத்தவில்லை. "நாலு பன்னிரண்டு. என் போன்லயும் அதே நேரம்தான் இருக்கு. மறுநாளே பார்த்துட்டேன். நான்தானேப்பா... நான் கூப்பிடாம இருந்திருந்தா..."

அடப்பாவி மகளே! இரண்டு மாதமாக இதை வைத்துக்கொண்டா எனக்குக் கடைசிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய்?

"நீ கூப்பிட்டே, அவ்வளவுதான். போனைக் கொடுக்காதது நான். குனிஞ்சு பார்த்தது நான். இதுல உனக்குப் பங்கே கிடையாது, வாங்கிக்க வராதே" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அப்புறம்தான் அவள் அழுதாள். பார்த்துக்கொண்டே இருந்தேன், எனக்கும் வந்தது. மருந்துக்கடை வேலை முடிந்து வந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். "இப்பவாவது ரெண்டு பேரும் வாயைத் திறந்தீங்களே" என்றாள்.

விசிலுக்குப் போன் போட்டு, நாளைக்கு உள்ளதைச் சொல்லப் போகிறேன் என்றேன். "உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? என் பொழப்பும் சேர்ந்து போகும்ணே!" என்று கத்தினான். முன்கூட்டியே சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டான்.

ஜூன் 8

எழுதிக் கொடுத்துவிட்டேன். சொல்லும்போது இரண்டு இடத்தில் உளறினேன்.

ஜூன் 27

இனி ஸ்டீயரிங் கிடையாது. ஒர்க் ஷாப்பில் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கிற வேலை. வழக்கு தனியாக நடக்கும், அது நடக்கட்டும். விசிலுக்கு ஒரு மாதம் சஸ்பென்ஷன். வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வலிக்கிறது.

காலையில் எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை. மன்னிப்பு கேட்க என்னென்னவோ யோசித்துக்கொண்டு போயிருந்தேன். கையமர்த்திவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"நான் கையைக் காட்டினேனா, இல்லையா?"

"காட்டினீங்க. வலது கை. நீட்டிக் காட்டினீங்க."

தன் சம்சாரத்தின் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். நான் வந்துவிட்டேன்.

மகளுக்குக் கல்லூரி திறந்துவிட்டது. கிளம்பும் அவசரத்தில் மேஜைமேல் ஒரு புத்தகம் வைத்தாள். கடைசிப் பக்கம் பார்த்தியா என்று கேட்டேன். "இல்லப்பா, நீங்களே பார்த்துக்கோங்க" என்று படியிறங்கினாள்.

முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறேன். இதில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை. பிழைப்பாரா தெரியவில்லை. பயமாக இருக்கிறது.