எட்டணா மருந்து

1943 அக்டோபர் 4, திங்கள்
காலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. கம்பவுண்டர் உக்கிரபாண்டி துடைத்த புட்டிகளையே திரும்பத் துடைக்கிறார். என் வீட்டுக்காரர் காலமானபின், தனியாகப் பிழைத்துக்கொள்ளலாம் என்றுதான் பாளையங்கோட்டையை விட்டு மதுரைப் பக்கம் பரவைக்கு வந்து வைத்தியசாலை திறந்தேன். கூட்டமெல்லாம் சந்தைப் பக்கத்து டாக்டரிடம். அங்கே எந்தக் காய்ச்சலுக்கும் ஒரு கால்சியம் ஊசி, ஒரு சீமை டானிக். மலேரியாக் காய்ச்சலுக்கு நான் கொடுப்பது கொயினா மாத்திரை. யுத்தத்தில் அது கிடைப்பதே அரிது. பசுமலையில் தெரிந்தவர்கள் மூலம் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன்.

"ஊசி குத்துங்க டாக்டரம்மா. குத்தாட்டி வைத்தியம்னே நம்பமாட்டாக" என்கிறார் உக்கிரபாண்டி.

வேண்டாத ஊசியை எப்படிப் போடுவது?

அக்டோபர் 7
மதுரையிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் வந்தார். அவர் டானிக்கை எழுதிக் கொடுத்தால் புட்டிக்கு இவ்வளவு என்று எனக்குப் பங்காம். முடியாது என்றேன். காலி பெஞ்சை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வைதான் வலிக்கிறது.

அக்டோபர் 10
ஞாயிறு. பால்காரியிடம் "ஆழாக்கு போதும்" என்றேன். இன்று நான் பேசியது அவ்வளவுதான்.

அக்டோபர் 13
சின்னக்கருப்பன் என்ற விவசாயியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். நினைவில்லை. மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டுப்படுகிறது. மலேரியா. நாள்கணக்காக முறைவைத்து நடுக்கம். சந்தை டாக்டரின் ஊசிக்கும் டானிக்குக்கும் ஆடு போயிற்று. மனைவி சோணையம்மாளின் காதுத் தண்டட்டியும் போயிற்று. கையில் ஒன்றுமில்லாமல் போனபின் என்னிடம்.

வாயால் விழுங்க முடியாதவருக்கு ஊசிதான் வழி. கொயினாவை ஊசியாகப் போட்டேன். எம்புட்டு ஆகும் என்றாள் சோணையம்மாள். எட்டணா என்றேன். அவள் முகத்தில் நிம்மதி இல்லை, பயம்.

அக்டோபர் 14
விடியுமுன் போய்விட்டார்.

அக்டோபர் 15
சாப்பிடப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால்... ஐயோ, அந்த மாத்திரை இங்கதானே கிடந்துச்சு. இந்த அலமாரியில. அவுக வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தானே.

அக்டோபர் 31
சோணையம்மாள் வந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, ஏன் இவ்வளவு குறைவாக வாங்குகிறீர்கள் என்று கேட்டாள். மருந்தின் விலை அவ்வளவுதான் என்றேன்.

"ரெண்டு ரூவா கேக்குறவுகளா இருந்தா மொதல்லயே இங்கன வந்திருப்போம்மா. கம்மிக் காசுக்குத் தர்ற மருந்து எங்க கேக்கப் போகுதுன்னு இருந்துட்டோம்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை. நடந்ததைச் சொன்னாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம்.

நவம்பர் 2
உக்கிரபாண்டி கட்டணத்தை ஏற்றச் சொல்கிறார். ஏற்றினால் வருவார்கள்தான். ஆனால் விற்க ஆடுகூட இல்லாதவர்கள்? வேண்டாம்.

நவம்பர் 20
அடைமழை. சோணையம்மாள் பக்கத்து வீட்டு மருமகள் பாண்டியம்மாளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் முறை நடுக்கம்தான். நல்ல நேரத்தில் வந்திருக்கிறாள். மாத்திரையை எடுத்ததும் ஊசி இல்லையா என்று இழுத்தாள்.

"அவுக குடுக்குறத முழுங்கு. நான் பட்டது போதும்" என்றாள் சோணையம்மாள்.

பாண்டியம்மாளை அவள் வீட்டார் கூட்டிப் போனார்கள். சோணையம்மாள் எழுந்திருக்கவில்லை. வீட்டில் யாரும் இல்லையாம். மழை விடட்டும் என்றாள். விட்ட பிறகும் போகவில்லை, நானும் போகச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கு உலை வைத்தேன்.