அத்தை என்னோடு படகில்

என்னங்க,

பதற வேண்டாம். அத்தையின் கட்டில் காலியாக இருப்பதற்குக் காரணம் நான்தான். நீங்கள் இதைப் படிக்கும்போது ஆறரை மணிப் படகில் நாங்கள் பாதித் தூரம் தாண்டியிருப்போம்.

அக்கரையில் இருக்கும் தங்கையைப் பார்க்க வேண்டுமென்று உங்கள் அம்மா கேட்டு மூன்று வருடம் ஆயிற்று. நேற்று நான் படகு என்று வாயெடுத்ததும், "தெருமுனைக் கடைக்கே வழி கேட்டுப் போறவ நீ! முட்டி வலிக்காரங்களைப் படகுல ஏத்துவியா?" என்று சிரித்தீர்கள்.

ஆனால் போன புதன்கிழமையே தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு, தனியாக ஒத்திகை போய் வந்துவிட்டேன். துறையில் எத்தனை படி, எந்தப் பக்கம் கைப்பிடி, இறங்கியதும் எந்த பஸ், எல்லாம் அத்துப்படி. அம்மாவை அக்கரைக்குக் கூட்டிப் போக நீங்கள் விசாரித்த டூர்காரர் கேட்டதில் கால்வாசி கூடச் செலவில்லை.

சாப்பாடு ஃபிரிட்ஜில். சூடாக்கத் தெரியும்தானே? பதினொரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார், வெளியே போய்விடாதீர்கள்.

பி.கு: அத்தை நாலரைக்கே செருப்போடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். "அவன் முழிச்சிடப் போறான், சீக்கிரம் வாடி!" என்று இப்போதும் வாசலிலிருந்து விரட்டுகிறார்கள்.

இன்னொன்று: மாலை ஐந்து மணிக்குத் துறைக்கு வந்து நில்லுங்கள். திரும்பும்போது மூன்று பேர். சித்தி பெட்டி கட்டிவிட்டாராம்.