மலைக்கு நடந்துபோன நாய்கள்

என் அன்புள்ள அப்பாவுக்கு,

ஊரார் படிக்கும்படி உங்களுக்கு எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். நீங்கள் இருந்தபோது எதிரில் நின்று நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள் நான். எது வேண்டுமானாலும் அம்மா மூலம்தான் கேட்பேன். இதை அம்மாவிடம் சொல்லி அனுப்ப வழியில்லை.

கூடலூரில் முதல் போகம் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். கார்த்திகை பிறக்கப்போகிறது. சபரிமலைக்கு நடந்துபோகிற சாமிமார்களுக்கு மெயின் ரோட்டில் நீங்கள் வருடா வருடம் போடும் அன்னதானப் பந்தலுக்குக் கால் நட்டுவிட்டார்கள். நீங்கள் இல்லாத முதல் பந்தல்.

ஆடி மாதம் ஒருநாள் காலை, நான் குமுளிக்கு வேலைக்குப் போகும் பஸ் லோயர்கேம்ப் தாண்டி மலைரோட்டில் நின்றுவிட்டது. நடுரோட்டில் ஒரு மிளாமான் குட்டி செத்துக் கிடந்தது. சுற்றிலும் நாய்கள். அவை பசிக்குத் தின்றதாகவும் தெரியவில்லை. இழுத்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தன.

"செந்நாய்டோய்!" என்று ஒருவர் எழுந்தார்.

"எங்கிட்டுச் செந்நாயி? கழுத்தைப் பாருங்கண்ணே" என்றார் கண்டக்டர்.

ஒரு நாயின் கழுத்தில் சாயம் போன கருப்புத் துண்டு. குருசாமியாக நீங்கள் குழுவைக் கூட்டிப் போகும்போது, கூடவே வரும் நாய்க்குக் கட்டிவிடுவீர்களே, அதே போல.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. வழியில் சேர்ந்துகொள்ளும் நாயை விரட்டக்கூடாது, சாமிக்குத் துணையாக வருகிறது என்பீர்கள். போகும்போது நடை. திரும்பும்போது பஸ். பஸ்ஸில் நாயை யார் ஏற்றுவார்கள்? எத்தனை குழு, எத்தனை வருடம்! அவை காட்டோரம் நின்றன, குட்டி போட்டன, குட்டிகள் வேட்டை பழகின. நம்மில் ஒருவருக்கும் இது ஏன் தோன்றவில்லை அப்பா?

விலங்கியல் படித்தவள் சும்மா இருக்கக்கூடாது என்று நகராட்சி, வனத்துறை, எஸ்டேட் என்று படியேறினேன். கூடலூரில் பிடித்தால் குமுளியிலிருந்து வருகின்றன. அங்கே பிடித்தால் எஸ்டேட்டிலிருந்து இறங்குகின்றன. எல்லாரும் ஒரே வாரத்தில் செய்தால்தான் உண்டு. தமிழ்நாடு, கேரளம் இரண்டு பக்க அதிகாரிகளும் கூடிய கூட்டத்தில் இதை எழுதிக்கொண்டுபோய் வாசித்தேன்.

"எல்லாம் நிங்ஙடெ பட்டிகளாணு" என்று நாய்களையெல்லாம் நம் தலையில் போட்டார் கேரளத்து அதிகாரி.

"சோறு போட்டது நாங்க. கோழிக்கழிவு கொட்டுனது யாரு சார்?" என்றார் நம் கால்நடை டாக்டர்.

"நாய் என்ன, செக்போஸ்ட்ல பெர்மிட்டா வாங்குது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நாள் குறித்துவிட்டோம். கார்த்திகைக்கு முன்னால் இரண்டு பக்கமும் சேர்ந்து முகாம் போட்டுப் பிடிப்பது, கருத்தடை, தடுப்பூசி. காட்டில் பிடிபட்டவை காட்டுக்குத் திரும்பக்கூடாது. தோட்டங்களில் கட்டிவைத்து வளர்க்க வீடு வீடாகக் கேட்டு வருகிறேன்.

உங்களுக்குப் பின் குழுவை நடத்தும் முருகேசன் மாமாவிடமும் போனேன். "ஏத்தா, நாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணவா உன்னையக் காலேஜுக்கு அனுப்புனாக? மொதல்ல நீ ஒரு குடும்பமாகு" என்று சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது. "உங்கப்பா ஒரு நாயைக் கல்லெடுத்து எறிஞ்சிருப்பாகளா? கூட வர்றதைப் போன்னு எப்படித்தா சொல்றது?"

அதையே உங்களிடம் கேட்கிறேன். உங்களுக்குத் தெரியுமா?

முகாமில் சிக்காதவற்றுக்குக் கறியில் விஷம் வைத்துவிடுவோம் என்று எஸ்டேட்டில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். நாய்க்கு வைத்ததைச் செந்நாயும் தின்னும், கீரியும் தின்னும். பிறகு எதைக் காப்பாற்ற இவ்வளவு பாடு? ஆனால் காட்டு நாய்கள் வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிவிடுகின்றன. ஒத்திகைக்குப் போனவர்கள் வெறும் வலையோடு திரும்பினார்கள்.

பிடிபடுகிற எதையும் பட்டினி போடமாட்டேன் அப்பா. தையல் ஆறும்வரை என் கையாலேயே சோறு வைப்பேன். இது சத்தியம்.

இனிமேலும் தள்ளிப்போட முடியாது, கேட்டுவிடுகிறேன். பந்தலில் முதல் கரண்டிச் சோற்றை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் நின்று, "வாங்க சாமி, வாங்க" என்று நீட்டி அழைப்பீர்கள். மனிதருக்கும் நாய்க்கும் அந்த ஒரே அழைப்புதான். பந்தல் கால் நட்ட அன்றே அந்தக் காட்டு நாய்கள் வந்து ரோட்டுக்கு எதிர்ப்புறம் நின்றன. யார் கூப்பிட்டும் ரோட்டைத் தாண்டவில்லை. என் குரல் அப்படியே உங்கள் குரல் என்கிறாள் அம்மா. முகாமன்று நீதான் கூப்பிடவேண்டும் என்கிறார் டாக்டர். சோறு இருக்கும், அதற்குப் பின்னால் வலையும் இருக்கும். அவை உங்களை நம்பித்தான் வரும்.

அந்தக் குரலில் ஒரு தடவை கூப்பிட்டுக்கொள்ளட்டுமா அப்பா?

உங்கள் இளைய மகள்,
வளர்மதி