துப்பெல்லாம் உன் முகத்திலேயே இருந்தது, லாத்தா

என் கூடப்பிறந்த ஆசை லாத்தாவுக்கு,

நேற்று ஜும்ஆ தொழுதுவிட்டு உன் வீட்டுக்கு வந்து, நாம் கடைசியாகச் சேர்ந்து பார்த்த அந்தப் பொம்மைப் படத்தை மறுபடி போட்டேன். வேற்றுக் கிரகத்தார் வந்து இறங்கியதும் ஊர்க் கிணறுகள் வற்றிப்போகுமே, அந்த மர்மப் படம். அன்றைக்கு நான் துபாயில், நீ இங்கே அருப்புக்கோட்டையில். வெள்ளிக்கிழமைதோறும் செய்வதுபோல, ஒரே நேரத்தில் போட்டுவிட்டு வீடியோ காலில் பேசிக்கொண்டே பார்த்தோம். நேற்று கால் மணி நேரம்கூடப் பார்க்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன்.

"அதென்னடா, இவுக எப்பவும் நம்ம திருச்சுழி மாதிரி பொட்டக்காடாப் பாத்துத்தான் இறங்குறாக?" என்று சிரித்தாய். வந்தவர்கள் மேல் ஊரே பழி போடும், ஆனால் அவர்கள் செய்திருக்க மாட்டார்கள் என்றேன். தொலைந்துபோன தங்கள் பிள்ளையைத் தேடித்தான் வந்திருப்பார்கள் என்றேன். வலியப் போய் உதவுகிற வாத்தியார்தான் கிணறுகளை வற்ற வைத்த ஆள் என்று பத்தாவது நிமிடமே சொன்னேன். எல்லாம் அப்படியே நடந்தது. இந்த மாதிரிக் கதைகளில் துப்பை நம் கண் முன்னாலேயே போட்டு வைத்திருப்பார்கள் என்று பீற்றிக்கொண்டேன். "கெட்டிக்காரன்டா நீ" என்றாய். அப்போது உன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?

வீட்டுக்குள்ளும் முக்காட்டோடு இருந்தாய். இப்போதுதான் தொழுது முடித்து வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படியே நினைத்தேன். புற்றுநோய் மருந்தில் உன் முடியெல்லாம் கொட்டிப்போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாவி நான்.

சேதி கேட்டு நான் விமானம் ஏறுவதற்குள் உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள். மச்சானின் சட்டையைப் பிடித்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவதான் மாப்ள சத்தியம் வாங்கிட்டா. வெளிநாட்டுல கெடக்கவனுக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாதுன்னுட்டா" என்று அழுதார். நம் வீடுகளில் இதுதானே வழக்கம்? நம்மைப் பெற்ற அத்தா கால் முறிந்து கிடந்ததையே, எழுந்து நடந்த பிறகுதானே சொன்னீர்கள்?

பாசத்தில்தான் மறைத்தாய், தெரிகிறது. ஆனாலும் உன் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஓடி வந்திருப்பேனே.

நாளை மறுநாள் திரும்பிப் போகிறேன். பெட்டி கட்டும்போது உன் மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, நீங்க போனதுக்கப்புறம் எனக்கு மேலுக்கு முடியலன்னா உங்ககிட்ட சொல்லலாமா, சொல்லக் கூடாதா?"

ஏழு வயசு, லாத்தா.

என்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றேன், மச்சானையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அவள் கூப்பிட்டால் அன்றைக்கே கிளம்பி வருவேன். உனக்கு வராமல் போனவன், உன் பிள்ளைக்கு வருவேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த தம்பி,
உன் மகளின் தாய்மாமன்