அப்பா எடுத்த கால்குலேட்டர்

அக்டோபர் 6

கால்குலேட்டரில் எட்டு மறுபடியும் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை அழுத்தினால் 88 விழுகிறது. பழவேற்காடு ஏரிக்கரையில் குடியிருந்தால் உப்புக்காற்று எதைத்தான் விட்டுவைக்கும்? போன செமஸ்டரில் கணக்கு போனது பாதி இதனால், மீதி என்னால். இந்த முறையும் அரியர் நின்றால் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டை கம்பெனி இன்டர்வியூவில் உட்கார விடமாட்டார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும்.

அக்டோபர் 11

அப்பா இன்று படகு எடுக்காமல் என்னோடு கும்மிடிப்பூண்டி பஜாருக்கு வந்தார். எனக்கு மெல்லிசாக, பளபளவென்று ஒன்று பிடித்திருந்தது. அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். டார்ச் வாங்கும்போதும் இப்படித்தான்.

"உள்ள லொடலொடன்னுது. வேணாம்."

கடைசியில் தடியாக, கெட்டி மூடி போட்ட ஒன்றை எடுத்தார். "இது தண்ணில வுழுந்தா இன்னா ஆவும்?"

கடைக்காரர் சிரித்தார். "எதுவுமே தாங்காதுண்ணா."

அப்பா சிரிக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் நான் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அக்டோபர் 12

பார்க்கச் செங்கல் மாதிரியே இருக்கிறது.

நவம்பர் 3

நாளை கணக்குப் பரீட்சை. படகில் போனுக்குச் செய்வதுபோல அப்பா கால்குலேட்டரைக் கண்ணாடிக் கவரில் போட்டு, வாயை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இன்னாப்பா இது, ஊறுகா பாக்கெட்டாட்டம்? ஹால்ல வுட மாட்டாங்க."

"மழ வருது பானு. மேலாலயே அமுக்கு, வேல செய்யும்."

கத்திவிட்டேன். காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து கிழித்துவிட வேண்டும்.

நவம்பர் 4

எங்கே கிழிப்பது — பழவேற்காட்டிலிருந்தே கொட்டியது. பை, நோட்ஸ், சாப்பாடு எல்லாம் ஊறிவிட்டன. கவருக்குள் ஒரு சொட்டு இல்லை.

ஹாலில் மேற்பார்வைக்கு வந்த பிரின்சி மேடம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா இது, பொட்டலம்?"

"மழைக்குப் போட்டது மேடம். எங்கப்பா..."

அனுமதித்த மாடல்தானா என்று நம்பரைக் கவர் வழியாகவே படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். அப்பாடா! பரீட்சை முழுக்கக் கவரோடுதான் போட்டேன். ஒரு பட்டன்கூட மக்கர் செய்யவில்லை. முன் பெஞ்ச் பையன் நனைந்த கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தான், பாவம்.

டிசம்பர் 29

பாஸ். அரியர் இல்லை.

அப்பாவுக்குப் போன் போட்டேன். ஏரியில் இருந்தார். "கணக்குல பாஸ்பா." உடனே அடுத்த படகுக்குக் குரல் கொடுப்பது கேட்டது:

"டேய் மதனு, எம் பொண்ணு பாஸாயிட்டாடா. மிஷினு நான் பாத்து எடுத்தது."

அவர் எடுத்ததுதான். ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளட்டும்.