கடிக்கும் பெட்டி

ஜூன் 3, 2025, செவ்வாய்

ஆம்ப்ளிஃபையர் செத்துவிட்டது. பாலோ டவுனில் ரிப்பேர் கடைக்காரர் மூடியைத் திறந்து, உள்ளே எதையும் தொடாமலேயே தீர்ப்புச் சொன்னார்: "இதெல்லாம் பழசு லா. புளூடூத் ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கிக்கம்மா."

இரண்டு வருடம் தேடி ஜொகூர் பாருவில் வாங்கிய ஸ்பீக்கர்கள் கூடத்தில் ஊமையாக நிற்கின்றன. வேலை முடிந்து வந்தபின் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். இந்த வீட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் கூப்பிடுவார்கள். பாட்டுப் போட்டால் மட்டும் விட்டுவிடுவார்கள்.

ஜூன் 7, சனி

ஹாஜிப் பெருநாள் விடுமுறை. கெலாங் பாத்தாவிலிருந்து அண்ணன் வந்தான், கூடவே ஆலோசனையும் வந்தது. யாரோ ஆங்கிலேயர் வடிவமைத்த பழைய ஆம்ப்ளிஃபையரை அப்படியே பார்த்துச் செய்த குளோன் கிட்; பாகங்களை வாங்கி நாமே கட்டவேண்டும். விற்பவன் 'நூறு விழுக்காடு அசல் நகல்' என்று போட்டிருக்கிறான். அசல் நகல்! இதை எழுதியவனுக்குக் கை கூசவில்லையா?

"நான் கட்டித் தரேன், தேனு. ரெண்டு நாள் வேலை."

"அண்ணே, நீ ரிப்பேர் பண்ண ரைஸ் குக்கர் என்ன ஆச்சு?"

"அது வேற கதை லா. அப்ப நீயே பண்ணு. நீதான் புக்கு படிச்சே எல்லாத்தையும் பண்ணிடுவியே."

அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஆன்லைனில் வாங்கிய சின்ன மின்விசிறிக்கு இரண்டு கால் பிளக். மூன்று துளைச் சாக்கெட்டின் மேல் துளையில் சாப்ஸ்டிக்கைக் குத்தி, மூடியிருக்கும் கீழ்த் துளைகளைத் திறந்து, அம்மா அதைச் செருகுகிறார். அந்த ஒற்றைச் சாப்ஸ்டிக்குக்கு டிவி பின்னால் நிரந்தர இடம். இந்த வீட்டில் மின்சாரத்துக்குப் பயப்படுகிறவள் நான் ஒருத்திதான்.

ஜூன் 10, செவ்வாய்

கட்டுவதா வேண்டாமா?

முதல் ஆபத்து போலி டிரான்சிஸ்டர். குளுவாங் தொழிற்சாலையில் என் வேலையே அதுதான். வரும் பாகங்களில் அசல் எது, போலி எது என்று பார்ப்பது. அசிட்டோனில் பஞ்சை நனைத்துத் தேய்த்தால் போலியின் எழுத்து அழிந்து வரும். இரண்டாவது, ஏதாவது தப்பானால் நேர்மின்சாரம் நேரே ஸ்பீக்கருக்குப் போய்விடும். ஒரே நொடி. அப்புறம் அவை வெறும் மரப்பெட்டிகள். மூன்றாவது, இது திருட்டு. திருட்டு பி.டி.எஃப். படிக்கிறாள் என்று தோழி லோஷினியிடம் நான் ஒரு வாரம் பேசாமல் இருந்தவள். இப்போது இன்னொருவர் மூளையை நகலெடுத்தவனிடம் வாங்கப் போகிறேன். வடிவமைத்தவர் நாற்பது வருடம் சம்பாதித்துவிட்டார் என்று ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன். லோஷினியும் இதையேதான் சொன்னாள்.

முகநூல் ஆடியோ குழுவில் ஒரு கேள்வி கேட்டேன். முதல் பதில்: "சிஸ், வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடுங்க."

ஆர்டர் செய்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

பார்சல் வந்தது. எட்டு டிரான்சிஸ்டரில் ஐந்தின் எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. அசல் நகலுக்குள் நகல் நகல். நல்லவையாக எட்டு வேறு கடையில் ஆர்டர் செய்தேன். அந்தக் குழுவில் இருக்கும் ஆயிரம் ஆண்களில் எத்தனை பேர் இதைத் தேய்த்துப் பார்த்திருப்பார்கள்?

ஜூன் 22, ஞாயிறு

பாடுகிறது!

எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். முதலில் ஸ்பீக்கரை மாட்டாமல், வழியில் ஓர் அறுபது வாட் பல்பை வைத்துத்தான் கரண்ட் கொடுத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும். எரிந்து, மங்கி, அணைந்தது. மீட்டரை வைத்து ஸ்பீக்கர் முனைகளை அளந்தேன்: பன்னிரண்டு மில்லிவோல்ட். ஒன்றுமே இல்லை. மூன்று முறை அளந்தேன்.

கரண்ட் வயருக்கு இரண்டு கால் பிளக்தான் அனுப்பியிருக்கிறான் விற்றவன், கஞ்சன். சாப்ஸ்டிக்கால் திறந்து மாட்டினேன்.

வெள்ளி நிற அலுமினியப் பெட்டி. அழகாகத்தான் இருக்கிறது. அம்மா வந்து பார்த்து, "நீயேவா செஞ்ச?" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். வேண்டுமென்றேதான்.

ஜூன் 23, திங்கள்

அண்ணனின் பதில் இரண்டே சொல்: "எர்த் போட்டியா?"

ஒரு பாராட்டு இல்லை. படிப்பைப் பாதியில் விட்டவன், ரைஸ் குக்கரைக் கொன்றவன், எனக்குப் பரீட்சை வைக்கிறான். பதில் போடவில்லை.

ஜூன் 27, வெள்ளி

விடுமுறை. காலையில் எழுந்து கூடத்துக்கு வந்தால், அம்மா செருப்போடு நிற்கிறார். பாத்ரூம் செருப்பு. நான்கடி தள்ளிச் சாமி மேடை, விளக்கு எரிகிறது. எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் தோம்பு கொண்டு வருபவர்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அம்மா வைத்த சட்டம்.

"என்னம்மா இது? சாமி முன்னாடி செருப்போட நிக்கிறீங்க?"

கையில் ஈரத் துணி. பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இது கடிக்குது லா. செருப்பு போட்டா கடிக்கல."

"எப்பலேர்ந்து?"

"நீ வச்ச மறுநாளே. சுருக்குன்னு இழுத்துச்சு."

"ஏன் சொல்லல?"

"நீ எல்லாம் படிச்சுப் படிச்சுத்தானே செஞ்ச? பெரிய மெஷினு, அப்படித்தான் கடிக்கும்போலன்னு நெனச்சேன்."

ஐந்து நாள். ஈரத் துணியோடு ஐந்து நாள்! ஸ்பீக்கருக்கு மூன்று தடவை அளந்தேனே — அம்மாவுக்கு ஒரு தடவையாவது அளந்தேனா? பெட்டிக்கும் சாக்கெட்டின் மேல் துளைக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். தொண்ணூற்றாறு வோல்ட். அந்த மேல் துளைதான் எர்த். பெட்டியில் கசியும் கரண்ட் தரைக்குப் போகவேண்டிய வழி. நான் அதில் சாப்ஸ்டிக்கைக் குத்திவிட்டு, வழியே இல்லாத வயரை மாட்டியிருக்கிறேன். தெரியாமல் இல்லை. தெரியும்! கை தன்பாட்டுக்குச் செய்துவிட்டது, எல்லாரும் செய்வது மாதிரி.

அண்ணனுக்கு அனுப்பினேன்: "எர்த் போடல."

உடனே ஃபோன். "பிளக்கப் புடுங்கு. அம்மாவ கிட்ட போக விடாத. நாளைக்கு வரேன்."

ஜூன் 28, சனி

மூன்று கால் பிளக், பச்சை மஞ்சள் கோடு போட்ட வயர், ஒரு திருகாணி. பெட்டியின் உள்பக்கத்தைச் சுரண்டிவிட்டு எர்த் வயரை முறுக்கினான். நான் டார்ச் பிடித்தேன். இருபது நிமிட வேலை. அளந்தோம்: சுழியம்.

என்னைக் கிண்டல் செய்வான் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவன், "ரைஸ் குக்கர்ல நானும் இதத்தான் விட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ கேட்டான்.

சாப்ஸ்டிக்கை ஒடித்துப் போட்டேன். "அப்ப என் ஃபேன எதால மாட்டறது?" என்று அம்மா கத்தினார். அதற்கும் அண்ணன் பிளக் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஜூலை 6, ஞாயிறு

பாட்டு நன்றாக இருக்கிறது. நகல் என்று யாரும் சொல்ல முடியாது.

காலையில் அம்மா முன்னால் பெட்டியின் மேல் கையை முழுதாக வைத்துக் காட்டினேன், வெறுங்காலோடு. "பாருங்க, இப்ப ஒண்ணும் பண்ணாது."

"சரி லா. நீ சொன்னா சரிதான்" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து துடைத்தார்.