நாற்பது தகரம்

குயில்வத்தைத் தோட்டம்,
மேற்பிரிவு, கந்தப்பளை.
11.03.2001

அன்பு மகன் சிவசாமிக்கு, அப்பா எழுதுவது.

இது என் கையாலேயே எழுதும் கடிதம். யாரையும் வைத்து எழுதவில்லை. ரோகினி டீச்சர், குழந்தைகள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைக் காம்பராவில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். எட்டு மாதமாகப் போகிறேன். உன்னிடம் சொல்லாமல் இருந்தது இந்தக் கடிதத்துக்காகத்தான். பஸ்ஸில் எழுதியிருப்பது, தீப்பெட்டி, சவர்க்கார உறை எல்லாம் வாசிக்கிறேன். போன மாதம் தபால் கந்தோரில் கைநாட்டு வைக்க மை டப்பாவை நீட்டினார்கள். “வேணாங்க, பேனா குடுங்க” என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடையிலிருந்து கொண்டுவந்து நீ என் வீட்டில் இறக்கிவிட்டுப் போன நாற்பது கூரைத் தகரமும் பத்திரமாக இருக்கிறது. நுவரெலியாவில் உன் கடை பூட்டிக் கிடப்பதாகப் பக்கத்து வீட்டு ராசம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னது. தோட்ட வேலையை விட்டபோது கிடைத்த சேமலாபப் பணத்தை உன் கடைக்குத்தானே அது கொடுத்தது. ஆனால், “மகன் கடிதம் போட்டுச்சாண்ணே?” என்று மட்டும்தான் கேட்கிறது. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

என்ன நடந்தது என்று எழுது. மெதுவாக வாசித்துவிடுவேன்.

அப்பா,
நல்லமுத்து

வத்தளை,
25.03.2001

அன்புள்ள அப்பாவுக்கு,

உறையின் மேலிருந்த எழுத்து யாருடையது என்று தெரியவில்லை. யாரோ கடன்காரர் என்று பயந்து இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தபோது நீங்கள். எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

கடை போய்விட்டது. வங்குரோத்து என்று அறிவிக்கச் சொல்லி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிறேன். இருப்பதையெல்லாம் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரிப்பார்கள். மீதிக் கடனை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். இப்படித்தான் நினைத்தேன். ஆனால் வரிதான் கழுத்தைப் பிடிக்கிறது. சாமான் வாங்கியவர்களிடம் பில்லில் நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று வரி வாங்கினேன். இரண்டு வருடமாக அதைக் கட்டாமல் அந்தக் காசில் சரக்கு எடுத்தேன். வக்கீல் நடராசா முகத்துக்கு நேரே சொன்னார்: “தம்பி, பாங்க் கடன் உம்மட கஷ்டம் எண்டு சொல்லலாம். சனத்திட்ட வாங்கின வரி உம்மட காசே இல்லை. அது இலேசில கழியாது.”

தகரத்தைப் படங்கு போட்டு மூடி வையுங்கள். அது பட்டியலில் இல்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகன்,
சிவசாமி

குயில்வத்தைத் தோட்டம்,
17.04.2001

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை வாசிக்க இரண்டு நாள் ஆனது. வங்குரோத்து என்ற சொல்லை டீச்சரிடம் கேட்க வாய் வரவில்லை. நானே கூட்டிக் கூட்டி வாசித்தேன். அர்த்தம் நீயே எழுதியிருந்தாய்.

பெரட்டுக்களத்துப் பக்கம் போனேன். ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருந்த கண்டாக்கு, “என்ன நல்லமுத்து, மகன் கொழும்புல ஒளிஞ்சிருக்காமே?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். “வேலை பாக்குறாருங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

வருடப் பிறப்புக்கு மழை பிடித்துக்கொண்டது. ராசம்மா வீட்டில் அடுப்புக்கு மேலேயே ஒழுகியது. வளையலை அடகு வைத்து உனக்குக் கொடுத்த மீனம்மா, தன் வீட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை மாறிக்கொண்டிருந்தது. என் வீட்டிலோ நாற்பது தகரம் படங்கு போர்த்திக்கொண்டு தூங்குகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. ராசம்மாவுக்கு இருபத்திரண்டு, மீனம்மாவுக்குப் பன்னிரண்டு கொடுத்துவிட்டேன். மிச்சம் ஆறை என் கூரையில் அடித்தேன். கடன் முழுவதும் தீராது. பாதியாவது தீர்ந்ததே.

அரசாங்கத்துக்கு வரி கட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ராசம்மாவுக்குத் திருப்பிக் கொடுக்க நீ ஒருத்தன்தான் இருக்கிறாய். நான் செய்தது சரிதானே? இரண்டு பேரும் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தார்கள். கொடுத்த கணக்கை நான்தான் எழுதினேன். பிழையே இல்லை என்று நினைக்கிறேன்.

அப்பா

வத்தளை,
02.05.2001

அன்புள்ள அப்பாவுக்கு,

கடையின் சரக்குப் புத்தகத்தைப் பார்த்த வக்கீல், “இதில நாற்பது தகரம் இருக்கு, பட்டியலில இல்லையே, எங்க?” என்று கேட்டுவிட்டார். உங்கள் வீட்டில் இறக்கியதாகச் சொன்னேன். நீங்கள் கொடுத்துவிட்டதைச் சொன்னதும் இன்னும் கோபம். வரிக் கந்தோரையும் பாங்கையும் காக்க வைத்துவிட்டு, வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுப்பது பெரிய பிழையாம். நீதிமன்றம் என்னை நம்பாதாம்.

எனக்கு ஒரு வழிதான் தோன்றுகிறது. ‘தகரம் நாற்பதும் நான் என் சேமலாபப் பணத்தில் மகனின் கடையில் வாங்கியவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நான்கே வரிதான். உங்கள் கையால் எழுதினால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். வக்கீலுக்குத் தெரியாமல் நானே நீதிமன்றத்தில் கொடுத்துவிடுகிறேன். ராசம்மா அத்தை வீட்டுக் கூரையும் தப்பும்.

இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்காமலும் முடியவில்லை.

சிவசாமி

குயில்வத்தைத் தோட்டம்,
20.05.2001

மகன் சிவசாமிக்கு,

நீ சொன்னதை எழுத உட்கார்ந்தேன். ‘நான் என்’ என்பது வரை எழுதினேன். கைநாட்டு வைக்கிறவனுக்குத் தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பெருவிரலை வைத்துவிட்டு வந்துவிடலாம். நான் ஒவ்வொரு எழுத்தாக யோசித்து எழுதுகிறவன். பொய்யை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. மன்னித்துக்கொள்.

முதலில் என் கூரையில் ஏறி ஆறு தகரத்தையும் கழற்றினேன். பிறகு ராசம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஏண்ணே, குடுக்கிறதும் நீங்க, புடுங்குறதும் நீங்களா?”

“இது எங்க சாமானே இல்லையாம் ராசம்மா. ஊராளுங்க கட்டுன வரிக்காசாம்.”

அது அடுப்பின் மேலிருந்த பானையை எடுத்து ஓரமாக வைத்தது. பிறகு, “ஏணிய நேரா வைங்க, விழுந்து தொலைக்காதீங்க” என்றது.

மீனம்மாதான் விடவில்லை. வாசலில் நின்று, “எழுதப் படிக்கக் கத்துக்கிட்டு இதைத்தான் கண்டுபிடிச்சீங்களா மாமா?” என்று கேட்டது. கேட்டுக்கொண்டே பன்னிரண்டையும் கழற்றினேன். லயத்து வரிசை வீடுகளில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தாமல் லயத்தைக் கடந்தேன். இப்போது மீனம்மா என்னோடு பேசுவதில்லை. அதன் பிள்ளைக்கு இருமல்.

வக்கீலுக்கு ஒரு தாள் இதோடு வைத்திருக்கிறேன். ‘தகரம் நாற்பது இருக்கிறது. ஆணி ஓட்டை உண்டு. சட்டம் தெரியாமல் கொடுத்தது நான். நானே திரும்ப எடுத்தேன். நல்லமுத்து.’ ஒளித்து வைக்கச் சொன்னது யார் என்று எழுதவில்லை. தாளில் கீழ்ப் பாதியை வெறுமையாக விட்டிருக்கிறேன். அது நீ எழுத வேண்டியது. எழுதாவிட்டால் அந்தத் தாளைக் கொடுக்காதே, கிழித்துப் போடு. எனக்கும் கடிதம் போடாதே.

அப்பா

வத்தளை,
09.06.2001

அன்புள்ள அப்பாவுக்கு,

தாளை ஐந்து நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். ஆறாம் நாள் எழுதினேன். ஒளித்து வைத்தது நான், அப்பாவைப் பொய் எழுதச் சொன்னதும் நான் என்று இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நடராசா ஐயா இரண்டு தரம் வாசித்தார். “உம்மட அப்பா எந்தப் பள்ளிக்கூடம்?” என்று கேட்டார். தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா என்றேன்.

நீதிமன்றம் என்ன சொல்லுமோ தெரியாது. பாங்க் கடன் கழிந்தாலும் வரி நிற்கும், மாதா மாதம் கட்ட வேண்டி வரும் என்கிறார். இங்கே ஒரு ஸ்டோரில் மூட்டை இறக்குகிறேன். அதில் கட்டுவேன். தகரத்தை எடுக்க நீதிமன்றத்து ஆள் வருவார். அவரிடம் எண்ணிக் கொடுங்கள்.

ராசம்மா அத்தைக்கும் மீனம்மாவுக்கும் தனியாக ஒரு கடிதம் இதற்குள் வைத்திருக்கிறேன். பணம் இப்போதைக்கு வராது, ஏன் வராது, அவர்கள் கொடுத்ததை நான் என்ன செய்தேன் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. இரண்டு பேரையும் உட்கார வைத்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள். உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் இடத்திலும் நிறுத்த வேண்டாம்.

உங்கள் மகன்,
சிவசாமி